வால்வைத் திறக்காதவருக்கு எந்த நிலை?

புதிதாக மதிப்பீட்டாளர் அட்டை வாங்கியிருக்கும் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான். "மேடம், மூணாம் நிலைக்கும் நாலாம் நிலைக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கறது?" பயிற்சி வகுப்பில் இதற்கு ஓர் அட்டவணை கொடுத்திருப்பார்கள். அறிவு, திறன், பொறுப்பு என்று கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு மூன்று வரி எழுதியிருப்பார்கள். அட்டவணையில் தவறில்லை. அப்படி ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். எழுதிய எனக்கே அதைப் படிக்கத் தெரியவில்லை என்பது ஒரு நாள் காலையில் தெரிந்தது. அந்தக் காலையைப் பற்றித்தான் இன்று சொல்கிறேன்.

அது இரண்டாயிரத்துகளின் பிற்பகுதி. நாடு முழுவதற்கும் ஒரே தகுதிக் கட்டமைப்பு அப்போது வந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் வேலையிலேயே தொழிலைக் கற்றவர்களுக்கும் சோதனை வைத்துச் சான்றிதழ் தரலாம் என்ற பேச்சு மட்டும் எல்லா இடத்திலும் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த ரசாயன ஆலையும் பக்கத்தில் இருந்த சில ஆலைகளும் சேர்ந்து, வெளிநாட்டு அட்டவணைகளை முன்னால் வைத்துக்கொண்டு, ஐந்து நிலைகள் கொண்ட ஒரு பட்டியலைத் தாங்களே தயாரித்தன. முதல் நிலை, சொன்னதைச் செய்கிறவர். மூன்றாம் நிலை, பழகிய வேலையை மேற்பார்வையின் கீழ் சரியாகச் செய்கிறவர். நான்காம் நிலை, ஒரு ஷிஃப்ட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவர். ஐந்தாம் நிலை, பிறர் வேலைக்கும் பொறுப்பேற்கிறவர். நான்காம் நிலை கிடைத்தால் ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரம் ஆக்கலாம் என்று நிர்வாகம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. அதனால் அந்தச் சோதனை யாருக்கும் விளையாட்டாக இல்லை.

நான் முதலில் ஆய்வகத்தில் பதினோரு வருடம் வேதியியலாளராக இருந்தேன். பிறகு பயிற்சி அதிகாரியாக மாற்றினார்கள். ஆகவே எங்கள் ஆலைக்கான மதிப்பீட்டுப் படிவங்களை எழுதும் வேலை என்னிடம் வந்தது. டேங்கர் லாரியிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இறக்குவதற்குப் பதினொரு படிகள் எழுதினேன். சக்கரத்துக்குக் கட்டை வைத்தாரா? முகமூடி, கையுறை போட்டாரா? ஆய்வகச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தாரா? மேல்மூடியைத் திறந்து பார்த்தாரா? குழாயைச் சரியாகப் பொருத்தினாரா? கடைசியில், வால்வைத் திறந்து நாற்பது நிமிடத்துக்குள் இறக்கத் தொடங்கினாரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிக்குறி. அந்தப் படிவத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

அன்றைய சோதனைக்கு இரண்டு பேர். முதலாமவர் மஸ்தான் பாய். பழவேற்காட்டுக்காரர். நாற்பத்தாறு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பதினான்கு வருடமாக எங்கள் டேங்கர் யார்டில் ஒப்பந்தத்தில் இருந்தார். இரண்டாமவன் கோபி. ஆரம்பாக்கத்துப் பையன். டிப்ளமா முடித்து வேலைக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. படிப்பு, பேச்சு, எழுத்து எல்லாவற்றிலும் சுறுசுறுப்பு. இரண்டு பேரும் நான்காம் நிலைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். மனசுக்குள் நான் முன்னதாகவே தீர்ப்பு எழுதிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபிக்கு நான்கு, பாய்க்கு இரண்டு அல்லது மூன்று.

என்னோடு இன்னொரு மதிப்பீட்டாளர் வந்திருந்தார். ஆலைகள் சேர்ந்து சென்னையில் வைத்திருந்த குழு அலுவலகம் அனுப்பியவர். பாய்லர் துறையில் பழகியவர். என்னைவிட ஆறு வயது இளையவர். அன்று அவரை நான் பெரிதாக மதிக்கவில்லை. பாய்லர்காரருக்கு அமிலத்தைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்ற நினைப்பு.

முந்தைய நாள் நல்ல மழை. காலையிலும் காற்று ஈரமாகவே இருந்தது. மஸ்தான் பாய் டேங்கரின் சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். முகமூடி போட்டார். சீட்டை வாங்கினார். ஆங்கிலம் படிக்க வராது என்பதால் அதிலிருந்த ஆய்வக முத்திரையை மட்டும் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஏணியில் ஏறி மேல்மூடியைத் திறந்தார். சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு மூடியைச் சாத்திவிட்டு இறங்கி வந்து முகமூடியைக் கழற்றினார்.

"மேடம், இது ஆசிட் கெடையாது."

"சீட்டு இருக்கே பாய். லேப்ல பாத்து ஓகே பண்ணியிருக்காங்க."

"சீட்டு இருக்குது. ஆனா மூடிய தொறந்தா பொகையணும். இந்த மாதிரி ஈரக் காத்துல ஆசிட்டு வண்டி நல்லா பொகையும். இது சும்மா நின்னுகினு கீது."

"நிறம் எப்படி இருக்கு?"

"நெறம் மஞ்சளாதான் கீது. நெறத்த வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது மேடம். ஒரு தபா லேப்ல இருந்து ஆள வரச் சொல்லுங்க."

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. பதினோரு வருடம் ஆய்வகத்தில் இருந்த எனக்கு அது தெரியும். ஆனால் அன்று நான் வேதியியலாளராக அங்கே நிற்கவில்லை. கையில் படிவத்தையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு நின்றேன். ஆய்வகத்திலிருந்து மறுபடி ஆள் வந்து, மாதிரி எடுத்து, சோதித்துச் சொல்ல அரை மணிக்கு மேல் ஆகும். நாற்பது நிமிடம் தாண்டிவிடும்.

உற்பத்தி மேலாளர் ஓரமாக நின்று பொறுமையிழந்துகொண்டிருந்தார். "இன்னா பாய், சோதன அன்னிக்கே பேஜாரு பண்றியா? உள்ள தொட்டியில ஆசிட் கொறஞ்சிகினே போவுது. இன்னும் ஒரு மணி நேரம் தாங்காது. சீட்டு ஓகே ஆயிடுச்சி இல்ல, தொற."

மஸ்தான் பாய் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நேரம் போயிட்டிருக்கு பாய். லேப் சீட்டு இருந்தா அடுத்த படிக்குப் போகணும். போகலைன்னா நான் எழுத வேண்டியதை எழுதணும்," என்றேன்.

"நீங்க எழுதறத எழுதுங்க மேடம். நான் தொறக்க மாட்டேன்."

கையுறையைக் கழற்றி டேங்கரின் படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் எழுதினேன். "பணியைச் செய்ய மறுத்தார். தகுதி பெறவில்லை." கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி. பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினேன்.

அதே வண்டிக்கு அடுத்து கோபியைக் கூப்பிட்டோம். அவன் மளமளவென்று செய்தான். கட்டை, முகமூடி, சீட்டு. சீட்டை உரக்கப் படித்தே காட்டினான். ஏணியில் ஏறினான், மூடியைத் திறந்தான், பார்த்தான், சாத்தினான், இறங்கினான். குழாயைப் பொருத்தினான். நான் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிக்குறி போட்டுக்கொண்டே வந்தேன். அவன் வால்வில் கை வைத்தபோது பாய்லர்காரர் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"மேடம், இந்த வண்டியை இறக்கற வேலை உங்களோடதுன்னு வெச்சுக்குங்க. நீங்க இப்ப வால்வைத் தொறப்பீங்களா?"

'திறப்பேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பதினோரு வருடத்தில், மூடியை எட்டிப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று காலை முழுவதும் ஏணியின் முதல் படியில்கூட நான் கால் வைக்கவில்லை.

"கோபி, நிறுத்து!" என்று கத்தினேன். அந்த யார்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மேலாளர் கோபமாக ஏதோ சொன்னார். நான் காதில் வாங்காமல் முகமூடியை மாட்டிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, ஏணியில் ஏறினேன். மூடியைத் திறந்தேன். மஞ்சள் திரவம் அசையாமல் கிடந்தது. ஓர் இழை புகைகூட இல்லை. மேலிருந்தபடியே ஆய்வகத்துக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். வந்த பெண் மாதிரி எடுத்து, அங்கேயே ஒரு சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தாள். அமிலமாக இருந்தால் தாள் சிவப்பாகவே இருக்க வேண்டும். அது நீலமாகி, எங்கள் கண் முன்னாலேயே வெளுத்து வெள்ளையாகிப் போனது.

அது ஹைப்போ. கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காக நாங்கள் வாங்கும் ப்ளீச்சிங் திரவம். அமிலத் தொட்டிக்குள் அது போயிருந்தால் குளோரின் வாயு கிளம்பியிருக்கும். காற்று அன்று கேன்டீன் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. காலை நாஷ்டாவுக்கு எழுபது எண்பது பேர் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

என்ன நடந்தது என்பது மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. விடியற்காலையில் இரண்டு டேங்கர்கள் வந்திருக்கின்றன. இரண்டும் ஒரே லாரிக்காரருடையவை, ஒரே மாதிரி வண்டிகள். பின்பலகையில் எழுத்து அரித்துப் போயிருந்தது. ஆய்வகத்தில் இரண்டிலும் மாதிரி எடுத்து, சீட்டில் வண்டி எண்ணை எழுதாமல் 'முதல் வண்டி', 'இரண்டாம் வண்டி' என்று எழுதியிருக்கிறார்கள். ஓட்டுநர்கள் சாப்பிடப் போன நேரத்தில், வாசலை மறிக்கிறதென்று காவல் ஆட்கள் வண்டிகளை இடம் மாற்றி நிறுத்திவிட்டார்கள். சோதனை நடக்கும்போது வெளியாட்கள் இருக்கக் கூடாது என்று ஓட்டுநர்களை யார்டுக்குள் விடாதது யார்? நான்தான். 'ஆய்வகச் சீட்டு இருக்கிறதா?' என்று படிவத்தில் கேட்டதும் நான்தான். 'இந்த வண்டியின் சீட்டுதானா?' என்று நான் கேட்கவில்லை.

மதியம் பயிற்சி அறையில் படிவங்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாயின் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதலாமா என்று யோசித்தேன். பாய்லர்காரரிடம் கேட்டும் விட்டேன்.

"கிழிக்காதீங்க மேடம். எழுதினதை ஒரே கோடு போட்டு அடிங்க. பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. ஏன் அடிச்சீங்கன்னு எழுதுங்க. மேல இருக்கறவங்க அந்தக் கோட்டைப் பாக்கணும்."

"பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டுமே. புதுப் படிவம் அனுப்பினா, உங்க கேள்வித்தாள் சரியா வேலை செய்யுதுன்னுதானே நினைப்பாங்க?"

அடித்தேன். காரணம் எழுதினேன். மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. முதலில் எழுதியது தவறு, விண்ணப்பதாரர் செய்தது சரி என்று பதில் போட்டேன். அந்த வருடம் தலைமை மதிப்பீட்டாளர் பட்டியலில் என் பெயர் இருந்திருக்க வேண்டும். இல்லை. அடுத்த வருடமும் இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் அந்த நாளில் என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. சாயங்காலம் ரயிலுக்குப் போகிற வழியில் கோபி என் பின்னாலேயே வந்தான். முகம் வாடியிருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லணும். எனக்கும் தெரிஞ்சிது."

"என்ன தெரிஞ்சது?"

"பொகை வரலன்னு. மேல ஏறி மூடிய தொறந்தப்பவே பாத்துட்டேன். இன்னாடா இது, பாய் சொல்றது நெசந்தான்னு தோணிச்சி."

"அப்புறம் ஏம்பா வால்வுல கை வெச்சே?"

"நீங்க பாய் பேப்பர்ல எழுதனத பாத்தேன் மேடம். மறுத்தா ஃபெயிலுன்னு தெரிஞ்சி போச்சி. எங்க நைனா வூட்டுல நாலாம் லெவல், நாலாம் லெவல்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தாரு. லேப் ஓகே பண்ணிச்சி, நீங்க நிக்கிறீங்க, மேனேஜரு நிக்கிறாரு... நமக்கு இன்னான்னு கை வெச்சிட்டேன்." சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

பையனுக்கு அறிவு இருந்தது, பார்க்கிற கண் இருந்தது. நான் எழுதிய ஒரு வரி, அவன் வாயை அடைத்துவிட்டது. அன்று காலை பத்து நிமிடத்தில், தெரிந்த ஒருவனைத் தெரியாதவன் மாதிரி நடக்க வைத்தேன். சோதனை வைப்பவர்களுக்கு அந்தப் பலம் உண்டு. இதை நீங்கள் மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கோபியின் படிவத்தில் நானும் பாய்லர்காரரும் 'மறு சோதனை' என்று எழுதினோம். ஒரு வருடம் கழித்து வேறு வேலையில் அவனைச் சோதித்தபோது, பம்பில் சத்தம் சரியில்லை என்று பாதியில் நிறுத்திவிட்டு, எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் மெயின்டனன்ஸுக்கு ஆள் சொல்லி அனுப்பினான். நான்காம் நிலை கொடுத்தோம்.

மஸ்தான் பாய்க்கும் நான்காம் நிலைக்குத்தான் நாங்கள் இருவரும் பரிந்துரைத்தோம். அங்கேதான் முட்டிக்கொண்டது. நான்காம் நிலைக்குக் குறைந்தபட்சம் பத்தாம் வகுப்பு வேண்டும் என்று விதியில் இருந்ததை அலுவலகம் அப்போதுதான் எடுத்துக்காட்டியது. பள்ளியில் படித்தவரும் வேலையில் படித்தவரும் ஒரே படியில் நிற்கலாம் என்பதற்காகத்தானே இந்த நிலைகளையே வகுத்தோம் என்று நான் வாதாடினேன். "விதியை மாத்தச் சொல்லுங்க மேடம், அதுவரைக்கும் மூணுதான்," என்றார் அலுவலகத்தில் இருந்தவர். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு முன்னால் அவருடைய அட்டவணை இருந்தது. பாயை நிரந்தரம் ஆக்கும் பேச்சும் அதோடு நின்றது.

படிவத்தையாவது மாற்றினேன். 'எந்த இடத்தில் வேலையை நிறுத்துவீர்கள், ஏன்?' என்ற கேள்வியைச் சேர்த்தேன். காரணத்தோடு நிறுத்தினால் அது தோல்வி ஆகாது, கடிகாரமும் அங்கேயே நிற்கும் என்று எழுதினேன். மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கி ஆளாளுக்கு வேலைய நிறுத்திட்டு இத நீட்டுவாங்க," என்றார். கேன்டீனில் அன்று காலை யார் யார் சாப்பிட்டார்கள் என்ற பெயர்ப் பட்டியலை வாங்கி அவர் மேசையில் வைத்தேன். அதில் அவருடைய தம்பி பெயரும் இருந்தது. அந்த வரி இருக்கட்டும் என்றார். டேங்கர் யார்டில் மூடியைப் பார்த்து மஸ்தான் பாய் சொல்லாமல் எந்த வால்வையும் திறக்கக் கூடாது என்று ஓர் உத்தரவும் அவரே போட்டார். நான்காம் நிலைக்காரர்களும் ஐந்தாம் நிலைக்காரர்களும் மூன்றாம் நிலைக்காரரின் வாய்ச்சொல்லுக்குக் காத்து நின்றார்கள். இதை அலுவலகத்துக்கு எழுதி, விதியைப் பாருங்கள், யார்டைப் பாருங்கள் என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. அந்த விதி தளர்ந்தபோது பாய் ஏற்கெனவே வேலையை விட்டிருந்தார்.

உங்கள் முன்னால் ஒருவர் வேலையைச் செய்யாமல் நின்றால் உடனே எழுதாதீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் பார்த்ததைப் போய்ப் பாருங்கள். தெரியாமல் நிற்கிறவரும் உண்டு, தெரிந்து நிற்கிறவரும் உண்டு. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சான்றிதழ்கள் வந்ததும் நானே யார்டுக்குக் கொண்டுபோய் மஸ்தான் பாயிடம் கொடுத்தேன். மூன்றாம் நிலை என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பின்னால இன்னா மேடம் எழுதிக்குது? படிச்சி சொல்லுங்க."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். "பழகின வேலையை, மேற்பார்வையில, சரியா செய்யக்கூடியவர்."

"மேற்பார்வைன்னா?"

"பக்கத்துல ஒருத்தர் இருந்து பாத்துக்குவாங்க பாய். தப்பு நடந்தா தடுப்பாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்கி அப்டி யாரு மேடம் இருந்தாங்க?" அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான்தான் இருந்தேன் பாய்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சான்றிதழை உறைக்குள் திரும்பப் போட்டு, நனையாத இடமாகப் பார்த்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, வாசலில் வந்து நின்ற வண்டியின் மூடியைப் பார்க்க ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.